குற்றம் போனில் இல்லை

பழைய காசு ஒன்றைப் படம் எடுத்துப் பார்த்து, அதில் எழுத்து தெரியவில்லை என்றால் பழி உடனே போனின் தலையில் விழுகிறது. “நம்ம போன் இவ்வளவுதான், ஐபோனா இருந்தா பளிச்சுன்னு வந்திருக்கும்” என்ற தீர்ப்பு பொள்ளாச்சியிலும் கேட்கும், பாலக்காட்டிலும் கேட்கும். இரண்டு ஊருக்கும் இடையே, கேரளத்தின் கிழக்கு விளிம்பில், தமிழும் மலையாளமும் ஒரே கடைவாசலில் புழங்கும் மீனாட்சிபுரத்தில் மட்டும் அது மாறிவிடப் போவதில்லை. தீர்ப்போடு நான்கு உபதேசங்களும் இலவசமாகக் கிடைக்கும். மெகாபிக்சல் கூடுதலாக உள்ள போனை வாங்கு. காசுக்கு எவ்வளவு கிட்டப் போக முடியுமோ அவ்வளவு கிட்டப் போ. வெளிச்சம் போதாவிட்டால் ஃபிளாஷைப் போடு. எடுப்பதற்கு முன்னால் காசைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கு.

நான்கும் தவறு. முதல் உபதேசத்தால் பணம் போகும், அடுத்த இரண்டால் படம் போகும், கடைசி உபதேசத்தால் காசே போய்விடும்.

இதைச் சின்ன விஷயம் என்று இந்தப் பக்கத்துக்காரர்கள் ஒதுக்கிவிட முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலை விலகி வழிவிடும் பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாசலில் இருக்கிறது மீனாட்சிபுரம். மேற்குக் கடற்கரையின் முசிறித் துறையில் இறங்கிய ரோமானியக் காசு கொங்கு நாட்டுக்கும் கரூருக்கும் போய்ச் சேர்ந்தது இந்தக் கணவாய் வழியாகத்தான் என்பது வரலாற்று ஆய்வாளர்கள் பலரின் கருத்து. பொள்ளாச்சியில் 1800ஆம் ஆண்டிலேயே ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. கோவையை ஒட்டிய வெள்ளலூரில் 1842இல் ஒரே புதையலாக 522 வெள்ளிக் காசுகள் வந்தன. அதே ஊரில் 1891இலும் 1931இலும் மறுபடி கிடைத்தன. கணவாயைத் தாண்டி மேற்கே, திருச்சூர் மாவட்டத்து எய்யாலில், 1940களில் ரோமானியப் பொற்காசும் வெள்ளிக்காசும் நம் நாட்டு முத்திரைக் காசுகளோடு கலந்து கிடைத்தன. பிற்காலக் காசுக்கும் குறைவில்லை. மீனாட்சிபுரம் அடங்கிய சித்தூர் வட்டாரம் ஒரு காலத்தில் கொச்சி ராஜ்யத்தின் தனித்துண்டாக, சுற்றிலும் பிரிட்டிஷ் மண் சூழ இருந்தது. கொச்சியின் சங்கு பொறித்த புத்தன், சாமூதிரி நாட்டு வீரராயன் பணம், திருவிதாங்கூர் சக்கரம், திப்புவின் யானைக் காசு எல்லாமே இப்பக்கத்துப் பழைய வீடுகளின் பெட்டியில் தங்கியிருக்கக் கூடியவை.

பழங்காசு மட்டுமல்ல, கல்லாப்பெட்டியில் கிடக்கும் காசும் மோசமான படத்தால் பாடுபட்டிருக்கிறது. தமிழ்நாட்டின் பல ஊர்களில் 10 ரூபாய் நாணயத்தைக் கடைக்காரர்கள் வாங்க மறுத்தது ஊரறிந்த கதை. மேல்பக்கம் 10 கோடுகளும் ரூபாய்க் குறியும் இருந்தால் நல்ல காசு, 15 கோடுகள் இருந்து குறி இல்லாவிட்டால் கள்ளக் காசு என்று படங்கள் வாட்ஸ்அப்பில் சுற்றின. உண்மையில் ரூபாய்க் குறியே 2010இல்தான் வந்தது. அதற்கு முன் அச்சான காசில் அது எப்படி இருக்கும்? 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிக்கை விட வேண்டியிருந்தது. ஒரு காசின் முகத்தை உள்ளபடி காட்டும் படம் எடுக்கத் தெரிவதன் பயன் சேகரிப்பாளர்களோடு முடிந்துவிடுவதில்லை.

முதலில் மெகாபிக்சல். 2023இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்23 அல்ட்ராவின் முதன்மைக் கேமரா 200 மெகாபிக்சல். விளம்பரம் அங்கேயே நின்றுவிடும். ஆனால் அந்த சென்சாரில் ஒவ்வொரு பிக்சலும் வெறும் 0.6 மைக்ரான். அவ்வளவு சிறிய பிக்சலில் வெளிச்சம் போதுமான அளவு விழாது என்பதால், இயல்பு அமைப்பில் 16 பிக்சல்களை ஒன்றாகச் சேர்த்துச் சுமார் 12 மெகாபிக்சல் படத்தைத்தான் அது தருகிறது. விலை குறைந்த 50 மெகாபிக்சல் போன் நான்கு பிக்சல்களை ஒன்றாக்குகிறது. அதிலும் கிடைப்பது 12 மெகாபிக்சலை ஒட்டிய படமே. இரண்டிலும் நீளவாக்கில் ஏறக்குறைய 4,000 பிக்சல், அகலவாக்கில் 3,000. நிற வளத்திலும் இரவுப் படத்திலும் விலைக்கேற்ற வித்தியாசம் நிச்சயம் இருக்கும். ஆனால் மேசைமேல் அசையாமல் கிடக்கும் காசுக்கு, நல்ல விளக்கொளியில், அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது.

இதில் விளம்பரம் சொல்லாத இன்னொரு சங்கதி உண்டு. சென்சார் பெரிதாக ஆக, அந்தக் கேமரா தெளிவாகப் பார்க்கக்கூடிய குறைந்தபட்ச தூரமும் கூடிவிடுகிறது. ஐபோன் 13 ப்ரோவின் முதன்மைக் கேமராவுக்கு அது சுமார் 15 செ.மீ. அடுத்த ஆண்டு வந்த 14 ப்ரோவில் சுமார் 20 செ.மீ. அதற்கும் கிட்டப் போனால் போன் சத்தமில்லாமல் வேறு கேமராவுக்கு மாறிக்கொள்ளும். அகலக் கோணக் கேமராவின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கிக் காட்டும். திரையில் காசு பெரிதாகத் தெரிவதால் எடுப்பவருக்குத் திருப்தி. மாறியது அவருக்குத் தெரிவதுமில்லை. கிட்டத்துப் பார்வை என்ற ஒரு விஷயத்தில், விலை ஏறிய போன் சில சமயம் ஒரு படி கீழேதான் நிற்கிறது.

அடுத்தது கிட்டப் போகும் ஆசை. 2019, 2020 வாக்கில் மலிவு விலை போன்களின் முதுகில் ‘மேக்ரோ’ என்று ஒரு தனி லென்ஸ் முளைத்தது. பெரும்பாலும் 2 மெகாபிக்சல், சுமார் 4 செ.மீ. தூரத்தில் நிலைத்த ஃபோகஸ். ‘காசு எடுக்கவே செய்தது’ என்று நம்பியவர்கள் ஏராளம். கணக்கு போட்டுப் பார்த்தால் விஷயம் வேறு. 2 மெகாபிக்சல் படத்தின் நீளவாக்கு 1,600 பிக்சல். அதை 4 செ.மீ.யிலிருந்து எடுக்கிறோம். முதன்மைக் கேமராவின் நீளவாக்கு 4,000 பிக்சல். அதை 10 செ.மீ.யிலிருந்து எடுக்கலாம். இரண்டின் பார்வைக் கோணமும் ஒன்றாக இருந்தால், 1,600ஐ 4ஆல் வகுத்தாலும் 4,000ஐ 10ஆல் வகுத்தாலும் விடை 400தான். அதாவது காசின் மேல் விழும் பிக்சல் எண்ணிக்கை இரண்டிலும் சமம். கிட்டப் போனதால் ஒரு பிக்சல்கூடக் கூடவில்லை. மேக்ரோ லென்ஸின் கோணம் இன்னும் அகலமாக இருந்தால் நஷ்டமே.

நஷ்டம் வேறு இடத்திலும் இருக்கிறது. போனின் அகலம் ஏழெட்டு செ.மீ. அதைக் காசுக்கு மேல் 4 செ.மீ. உயரத்தில் பிடித்தால் காசின்மேல் ஒரு கூரை போட்டதுபோல ஆகிறது. வெளிச்சம் எங்கிருந்து வரும்? 10 ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மி.மீ. இன்னும் கிட்டப் போய் 2 செ.மீ. உயரத்திலிருந்து பார்த்தால் அதன் விளிம்பை லென்ஸ் 34 பாகை சாய்வில் பார்க்கிறது. நடுவில் உள்ளது நேராகவும் ஓரத்தில் உள்ளது சரிந்தும் தெரியும். 10 செ.மீ. உயரத்திலிருந்து அதே சாய்வு 8 பாகைக்கும் குறைவு. தட்டையான காசு தட்டையாகவே தெரிய வேண்டுமானால் விலகி நிற்பதுதான் வழி. நாணயவியலாளர்கள் நீண்ட குவியத்தூர லென்ஸைத் தேடுவதற்கு முக்கியமான காரணங்கள் இந்தத் தூரமும், அது விளக்குக்கு விட்டுவைக்கும் இடமும்தான்.

10 செ.மீ.யிலிருந்து விவரம் கிடைக்குமா என்ற சந்தேகத்துக்குக் கல்லாப்பெட்டியிலேயே பரீட்சை இருக்கிறது. இந்திய நாணயத்தில் ஆண்டுக்குக் கீழே அச்சிட்ட சாலையின் அடையாளம் பொடியாக இருக்கும். ஹைதராபாத் என்றால் நட்சத்திரம், மும்பை என்றால் சாய்சதுரம், நொய்டா என்றால் புள்ளி. கொல்கத்தாவுக்கு அடையாளமே கிடையாது. கிட்டத்தட்ட ஒரு மி.மீ. அளவுள்ள குறி. முதன்மைக் கேமரா 10 செ.மீ. தூரத்தில் பார்க்கும் பரப்பின் நீளம் சுமார் 14 செ.மீ. 4,000 பிக்சலை அதில் பரப்பினால் ஒரு மி.மீ.க்கு 28, 29 பிக்சல் கிடைக்கும். நட்சத்திரத்தையும் சாய்சதுரத்தையும் பிரித்துச் சொல்ல அது தாராளம். 20 செ.மீ.க்குக் கீழே பார்க்காத போனில் 2 எக்ஸ் ஜூம் வைத்து எடுக்கலாம். 48 அல்லது 50 மெகாபிக்சல் சென்சார் உள்ள போன்கள் பலவற்றில் அந்த 2 எக்ஸ், சென்சாரின் நடுப்பகுதியிலிருந்தே எடுக்கப்படுவதால், வெறுமனே இழுத்துப் பெரிதாக்கிய படமாக இருக்காது. இவ்வளவுக்குப் பிறகும் குறி தெரியவில்லை என்றால், தூரத்தின்மேல் பழி போடுவதற்கு முன் கையின் நடுக்கத்தையும் விளக்கின் இடத்தையும் பார்க்க வேண்டும்.

கை நடுக்கத்துக்கு மருந்து வீட்டிலேயே உண்டு. ஒரே உயரமாக இரண்டு புத்தக அடுக்கு. நடுவில் இடைவெளி விட்டு, போனை இரண்டின்மேலும் குறுக்கே படுக்க வைத்தால் கேமரா நேர்கீழே பார்க்கும். அடியில் சாம்பல் நிற அட்டை, அதன்மேல் காசு. காசும் போனும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாவிட்டால் வட்டக் காசு முட்டை வடிவமாகும். திரையில் தெரியும் காசின்மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்ச அளவும் பூட்டிக்கொள்ளும். கூடவே தோன்றும் சூரியக் குறியைச் சற்றுக் கீழே இழுத்தால் வெள்ளிக்காசு வெளுத்துப் போகாது. 3 நொடி டைமர் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடலாம். இதில் எதற்கும் புதுப் போன் தேவைப்படவில்லை.

ஆனால் ஆட்டத்தின் மையம் இதுவும் அல்ல. வெளிச்சம்தான். ஃபிளாஷ் உபதேசம் எவ்வளவு பெரிய கெடுதல் என்பதை ஒரு சின்னக் கணக்கு காட்டிவிடும். தேய்ந்த காசில் எழுத்தின் மேடு சுமார் 0.1 மி.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். நம் கண் அந்த மேட்டை அறிவது அதன் நிழலால்தான். போனின் ஃபிளாஷ் லென்ஸை ஒட்டி ஒன்றரை செ.மீ. தள்ளி இருக்கிறது. 10 செ.மீ. உயரத்திலிருந்து அதன் ஒளி ஏறக்குறைய செங்குத்தாக விழும். அப்போது மேட்டின் நிழல் 0.015 மி.மீ., படத்தில் அரைப் பிக்சல்கூட இல்லை. அதே காசுக்கு, மேசையிலிருந்து 10 பாகை மட்டுமே உயர்ந்த இடத்திலிருந்து ஒரு டார்ச்சைச் சாய்த்துக் காட்டினால் நிழல் 0.57 மி.மீ., அதாவது 16 பிக்சல். ஒரே போன், ஒரே லென்ஸ், ஒரே காசு. விளக்கு கீழே இறங்கியதால் மட்டும் நிழல் ஏறக்குறைய நாற்பது மடங்கு நீள்கிறது. எந்தக் கம்பெனியும் ஒரு வருடத்தில் கேமராவை இப்படி நாற்பது மடங்கு முன்னேற்றியதில்லை.

உச்சி வெயிலில் தட்டையாகத் தெரியும் உழுத வயல், சாயங்கால வெயிலில் சால் சாலாகத் தெரிவது சித்தூர்ப் பக்கத்து விவசாயி யாருக்கும் புதிதல்ல. காசின் முகத்திலும் அதுவே நடக்கிறது.

பழைய அறிஞர்களுக்கு இது தெரிந்திருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் மியூசியம் போன்ற இடங்களில் வந்த நாணயப் பட்டியல்களில் பல படங்கள் காசின் நேரடிப் படங்களே அல்ல. காசை அச்செடுத்து, பிளாஸ்டர் வார்ப்பு செய்து, அந்த வெள்ளை வார்ப்பைத்தான் படம் எடுத்தார்கள். உலோகத்தின் பளபளப்பும் களிம்பின் நிறமும் கண்ணை ஏமாற்றும், வார்ப்பில் மேடும் பள்ளமும் மட்டுமே மிஞ்சும். மினுமினுப்பை வேண்டுமென்றே ஒழித்துவிட்டு எடுத்த படங்கள் அவை. அதற்கு நேரெதிராக, ஃபிளாஷ் போட்டு மினுமினுப்பைக் கூட்டினால்தான் படம் நன்றாக வரும் என்று இன்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். 2001இல் ஹெச்பி ஆய்வகத்தைச் சேர்ந்த டாம் மால்ஸ்பெண்டரும் உடன் பணியாற்றியவர்களும் அறிமுகப்படுத்திய முறையும் இதே பாதையில்தான் போகிறது. கேமராவை அசைக்காமல், விளக்கை மட்டும் பல இடங்களுக்கு நகர்த்திப் பல படங்கள் எடுத்து, கணினியில் ஒன்றாக்கி, பிறகு எந்தப் பக்கத்திலிருந்து வேண்டுமானாலும் வெளிச்சம் விழச் செய்து பார்க்கலாம். அருங்காட்சியகங்களும் தொல்லியலாளர்களும் காசுக்கும் கல்வெட்டுக்கும் இன்று இதைப் பயன்படுத்துகிறார்கள். அவர்கள் பெருக்கியது விளக்கின் இடங்களை. கேமரா ஒன்றேதான்.

ஏன் பல இடங்கள் வேண்டும் என்பதற்குத் தமிழ்-பிராமி எழுத்தை விடச் சிறந்த சாட்சி கிடையாது. நாணய ஆய்வாளர் ஆர். கிருஷ்ணமூர்த்தி 1980களில் வெளிக்கொணர்ந்த ‘பெருவழுதி’ செப்புக் காசும், கரூர் அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைத்த ‘மாக்கோதை’ வெள்ளிக் காசும் சங்க காலத்து அரசர்களின் பெயரை நேரடியாகக் காட்டியவை. அந்த எழுத்து முறையில் க என்பது கூட்டல் குறி போன்றது, ர என்பது ஒற்றை நெடுங்கோடு. இனி விளக்கை இடப்பக்கத்திலிருந்து மட்டும் சாய்த்துக் காட்டுங்கள். வெளிச்சத்துக்குக் குறுக்கே நிற்கும் நெடுங்கோடு நிழல் விழுந்து எடுப்பாகத் தெரியும். வெளிச்சம் போகும் திசையிலேயே படுத்திருக்கும் குறுக்குக்கோட்டுக்கு நிழலே விழாது. தேய்ந்த காசில் க, ர ஆகிவிடும். ஒரு அரசனின் பெயரே மாறிப் படிக்கப்படலாம். விளக்கை மேல்பக்கத்துக்கு நகர்த்தி இன்னொரு படம் எடுத்திருந்தால் குறுக்குக்கோடு எழுந்து நின்றிருக்கும். எழுத்துக்கு மட்டும் இந்த ஆபத்து என்றில்லை. புதுக்கோட்டை அருகே 1898இல் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றின்மேல் உளி வெட்டு உண்டு. பேரரசரின் தலையைக் குறுக்கே வெட்டியிருக்கிறார்கள். அத்தகைய வெட்டு ஆழமில்லாமல் இருந்தால், அதுவும் ஒரு திசை வெளிச்சத்தில் ஒளிந்துகொள்ளும்.

திசையில் இன்னொரு பொறியும் உண்டு. வெளிச்சம் மேலிருந்து வருவதாகவே நம் மூளை எப்போதும் எடுத்துக்கொள்கிறது. காசின் கீழ்ப்பக்கத்திலிருந்து விளக்கைக் காட்டினால், மேடான முகம் பள்ளமாகத் தெரியும். நாணய நூல்களில் ஒளி பெரும்பாலும் இடது மேல்மூலையிலிருந்து விழுவது இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான். நான்கு திசையிலும் படம் எடுக்கலாம், ஆனால் அடுத்தவருக்கு முதலில் காட்டும் படத்தில் தலைக்கு மேலே விளக்கு இருக்கட்டும்.

சாய்ந்த வெளிச்சம் எல்லாக் காசுக்கும் மருந்து என்று சொன்னால் அதுவும் இன்னொரு குருட்டு உபதேசம் ஆகிவிடும். புத்தம்புதிய நாணயம், கண்ணாடி போல மின்னும் வெள்ளிக் காசு ஆகியவற்றுக்கு அது ஆகாது. கீறல்கள் எல்லாம் பெரிதாகத் தெரியும், மீதிப் பரப்பு கறுத்துவிடும். அங்கே வெளிச்சத்தைப் பரப்ப வேண்டும். காசைச் சுற்றி வெள்ளைத் தாளைக் குழாயாகச் சுருட்டி நிறுத்தி, விளக்கைத் தாளுக்கு வெளியே வைத்தால் போதும். இன்னும் ஒரு படி போனால், காசுக்கும் கேமராவுக்கும் நடுவே ஒரு சுத்தமான கண்ணாடித் துண்டை 45 பாகை சாய்த்து, பக்கவாட்டு விளக்கின் ஒளி அதில் பட்டுக் காசின்மேல் நேராக இறங்கும்படி செய்யலாம். நேர்வெளிச்சம் வேண்டிய இடமும் உண்டு என்றால் ஃபிளாஷ் ஏன் கூடாது என்று கேட்கலாம். ஃபிளாஷ் ஒரு புள்ளி விளக்கு. மின்னும் பரப்பில் அது ஒரு வெள்ளைப் பொட்டாக விழுந்து, சுற்றிலும் இருப்பதை விழுங்கிவிடும். கண்ணாடித் துண்டில் பட்டு இறங்கும் ஒளி பரந்து விழுகிறது.

நான்காவது உபதேசம்தான் கொடியது. ‘தேய்த்துக் கழுவிட்டு எடு’ என்பார்கள். புளி, எலுமிச்சை, சாம்பல், பாத்திரம் தேய்க்கும் பவுடர் என்று ஆளுக்கொரு மருந்து. செம்பின்மேலும் வெள்ளியின்மேலும் காலம் படியவைத்த மேற்பூச்சு அழுக்கு அல்ல. பல காசுகளில் எழுத்தின் கடைசி மிச்சமே அந்தப் படலத்தில்தான் இருக்கிறது. அமிலம் படலத்தைத் தின்னும்போது எழுத்தையும் சேர்த்துத் தின்கிறது. தூள் போட்டுத் தேய்த்தால் மேடுகள் இன்னும் மழுங்கும். அதன் பிறகு எந்த வெளிச்சமும் எதையும் மீட்டுத் தராது. சேகரிப்பாளர்களும் தேய்த்த காசுக்கு விலையைக் குறைத்துவிடுவார்கள். ஆய்வாளர்களும் காசைச் சுத்தம் செய்கிறார்களே என்ற கேள்வி நியாயமானது. அவர்கள் செய்வது உலோகத்தின் தன்மை அறிந்து, உருப்பெருக்கியின் கீழ், மண்ணையும் கெட்டிப்பட்ட படிவையும் மட்டும் நீக்கும் வேலை. சமையலறையில் அது நடக்காது. படத்துக்காகச் செய்யத்தக்க அதிகபட்சச் சுத்தம், மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டுவது.

பிக்சலுக்கும் புளிக்கும் அடுத்து இப்போது புது நம்பிக்கை ஒன்று சேர்ந்திருக்கிறது. படம் மங்கினால் என்ன, ‘ஏஐ’ போட்டுச் சரிசெய்துகொள்ளலாம் என்பது. 2023 மார்ச்சில் நடந்த நிலவு விவகாரம் இங்கே நினைவுக்கு வர வேண்டும். வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலவுப் படத்தைத் திரையில் காட்டி, அதை சாம்சங் போனால் படம் எடுத்தபோது, மூலத்தில் இல்லாத மேடு பள்ளங்கள் படத்தில் வந்திருந்ததை ஒருவர் வெளியிட்டார். நிலவை அடையாளம் கண்டு விவரத்தைக் கூட்டும் தங்கள் மென்பொருளின் செயல்முறையை அந்த நிறுவனமும் விளக்க வேண்டியதாயிற்று. நிலவில் ஒரு பள்ளம் கூடினால் யாருக்கும் நஷ்டமில்லை. காசில் ஒரு கோடு கூடினால் ஆண்டு மாறும், சாலை மாறும், அரசன் மாறுவான். தென்னிந்தியப் புதையல்களில் அகஸ்டஸ், டைபீரியஸ் காசுகளின் உள்ளூர் நகல்களும் இருக்கின்றன. அவற்றைக் காட்டிக்கொடுப்பதே எழுத்துப் பிழையும் உருச்சிதைவும்தான். ‘மேம்படுத்தும்’ மென்பொருள் அந்தப் பிழையைத் திருத்திக் கொடுத்துவிட்டால் சாட்சியே அழிந்தது. எழுத்து தெரியாத படம் குறையுள்ள படம், அவ்வளவுதான். இல்லாத எழுத்தைக் காட்டும் படம் பொய்.

நன்றாக எடுத்த படத்தைக் கெடுக்கும் கடைசி இடம் வாட்ஸ்அப். சாதாரணமாகப் படமாக அனுப்பினால் அது நீளவாக்கைச் சுமார் 1,600 பிக்சலுக்குச் சுருக்கி, மேலும் அழுத்தி அனுப்புகிறது. 4,000 பிக்சலில் எடுத்தது பாதிக்கும் கீழே போய்விட்டது. வாங்கியவர் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு “உங்க போன் சரியில்லை” என்பார். குற்றம் வழியில் நடந்தது, பழி மறுபடி போன்மேல். அதே கோப்பை ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் ஒரு பிக்சலும் குறையாமல் போய்ச் சேரும். காசு மட்டும் தெரியும்படி ஓரத்தை வெட்டிவிட்டு அனுப்பினாலும் பெரும்பகுதி காப்பாற்றப்படும்.

எதிர்த்தரப்பில் ஒரு வாதம் மட்டும் நிற்கும். அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வீரராயன் பணம் விட்டத்தில் 8 மி.மீ.கூட இல்லாத பொடிப் பொன்காசு, எடை அரை கிராமுக்கும் குறைவு. திருவிதாங்கூர் வெள்ளிச் சக்கரமும் அப்படித்தான். கையால் எண்ண முடியாது என்பதால் குழிகள் வரிசையாகக் குடைந்த ‘சக்கரப் பலகை’யில் கொட்டிப் பரப்பி எண்ணினார்கள். இந்த அளவுக் காசை 10 செ.மீ.யிலிருந்து எடுத்தால் சுமார் 230 பிக்சல்தான் கிடைக்கும். அது போதாது. இங்கே உருப்பெருக்கம் நிஜமாகவே வேண்டும். கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும் டெலி லென்ஸ் உள்ள போன் கைகொடுக்கும். அது இல்லாதவருக்கு, போனில் கவ்விக்கொள்ளும் மேக்ரோ லென்ஸ் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆனால் கவனிக்க வேண்டியது, இந்த விதிவிலக்கு மிகச் சிறிய காசுக்கு மட்டுமே. அங்கும் சாய்ந்த வெளிச்சம் இல்லாமல் வேலை நடக்காது. கல்லாப்பெட்டிக் காசுக்கும், 18, 19 மி.மீ. அளவுள்ள ரோமானிய வெள்ளிக் காசுக்கும், திப்புவின் செப்புக்காசுக்கும் இந்த வாதம் பொருந்தாது.

நல்ல போன் வேண்டும் என்ற நம்பிக்கை இவ்வளவு உறுதியாக நிற்பதற்கு இன்னொரு காரணம் ஆசை. 2012இல் வெளியான வைஷ்ணவி தேவி படம் போட்ட 5 ரூபாய், 2011 ஜூனோடு செல்லாமல் போன 25 பைசா ஆகியவற்றுக்கு லட்சக்கணக்கில் விலை என்ற புரளி அடங்குவதே இல்லை. பளிச்சென்று படம் எடுத்துப் போட்டால் வாங்க ஆள் வரும் என்று நம்பியவர்களிடம், கமிஷன், வரி என்று சொல்லிப் பணம் பறித்தவர்கள் ரிசர்வ் வங்கியின் பெயரையே பயன்படுத்தினார்கள். பழைய நோட்டு, காசு வியாபாரத்தில் தனக்குத் தொடர்பே இல்லை, கட்டணம் எதுவும் கேட்பதில்லை என்று அந்த வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. கோடிக்கணக்கில் அச்சான காசை எந்த ஐபோனில் எடுத்தாலும் அது அரிய காசு ஆகாது.

மண்ணிலிருந்து நிஜமாகவே அரிய காசு வந்தால் படத்தின் வேலை வேறு. கண்ணூர் பக்கத்துக் கோட்டயத்தில் 1847இல் நூற்றுக்கணக்கான ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தும் அவற்றில் பெரும்பகுதி கைமாறிச் சிதறிவிட்டது. எல்லையின் அந்தப் பக்கம் கோவை மாவட்டத்தில் 1878ஆம் ஆண்டு புதையல் சட்டம், இந்தப் பக்கம் கேரளத்தின் 1968ஆம் ஆண்டுச் சட்டம். இரண்டும் கலெக்டருக்குத் தகவல் தரச் சொல்கின்றன. காசு அங்கே போவதற்கு முன், கழுவாமல், தேய்க்காமல், பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து, தலைப்பக்கம் நான்கு திசை வெளிச்சத்தில் நான்கு படம், பூப்பக்கம் அதேபோல் நான்கு, விளிம்புக்கு ஒன்று. கிடைத்த இடத்தில், கிடைத்த நிலையில் எடுத்த படமும் கூட இருந்தால் தொல்லியல் துறைக்கு அது இன்னும் உதவும். இரண்டு புத்தக அடுக்கும் ஒரு டார்ச்சும் இருந்தால் அரை மணி நேரத்தில் முடியும் வேலை. ஃபோகஸ் ஆகும் கேமரா உள்ள எந்தப் போனும் இதற்குப் போதும். அப்படி ஒரு போன் மீனாட்சிபுரத்தில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் பலரின் சட்டைப்பையில் ஏற்கெனவே இருக்கிறது.